கொல்லாது விளையும் ஊனும் மக்கள் உள்ளமும்

முன்னுரை

மக்கள் தம் உணவின்பொருட்டு விலங்குகளைக் கொல்லும் வழக்கம் மிகத் தொன்மையானது. வேட்டையாடித் திரிந்த காலத்திலும், மந்தை மேய்த்து ஊரமைத்து வாழ்ந்த காலத்திலும், ஆலைகளும் நகரங்களும் பெருகிய இக்காலத்திலும், ஊனுண்ண விரும்புவோன் ஓர் உயிரைப் போக்கியே ஆதல்வேண்டும் என்பது இயற்கையின் கட்டளைபோல் நின்றது. ஊனை விலக்கியோரும் விலக்காதோரும் தம்முள் எத்துணை மாறுபட்டாராயினும் இவ்வொன்றில் மாறுபட்டிலர். ஊன் வேண்டுமெனின் கொலை உண்டு. கொலை வேண்டாவெனின் ஊன் இல்லை. இருதிறத்தார்க்கும் பொதுவாயிருந்த இவ்வடிப்படை இப்பொழுது அசையத் தொடங்கிவிட்டது. உயிருள்ள விலங்கினிடமிருந்து சிறிதளவு தசையை எடுத்து, அதன் உயிரணுக்களைக் கலத்திலிட்டு ஊட்டிப் பெருக்கி, உண்ணத்தகும் இறைச்சியாக ஆக்கும் கலை தோன்றியுள்ளது.

இக்கலையைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விலை, சுவை, உடல்நலம் என்னும் இவற்றையே பேசுகின்றனர். அவை பேசவேண்டுவனவே. ஆயினும் அவற்றினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு. கொல்லவேண்டிய தேவை ஒழியுமாயின், விலங்குகளை நாம் நோக்கும் நோக்கு மாறுமா? இதுகாறும் உணவென எண்ணப்பட்ட ஆடும் மாடும் கோழியும் நம் உள்ளத்தில் வேறோர் இடம் பெறுமா? அன்றி, அவை நம் நினைவினின்றே மறைந்தொழியுமா? இதனை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இக்கலை வளர்ந்த வரலாறு

பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சில், 1931-ஆம் ஆண்டில், ஐம்பதாண்டு கழிந்த உலகைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தார். கோழியின் ஓர் உறுப்பை உண்பதற்கு முழுக்கோழியையும் வளர்ப்பது அறிவுடைமையன்று என்றும், வேண்டும் உறுப்பினை மட்டும் தக்க ஊட்டத்தில் வளர்க்கும் காலம் வரும் என்றும் அவர் அதிற் குறித்தார். அவர் குறித்த கால எல்லை பொய்த்தது. குறித்த பொருள் பொய்க்கவில்லை.

இக்கருத்தைக் கனவென விட்டுவிடாது வாழ்நாள் முழுதும் பற்றிநின்றவர் வில்லெம் வான் ஈலன் என்னும் டச்சுக்காரர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இவர், அச்சிறையிலே பசியின் கொடுமையைத் தம் உடலால் உணர்ந்தார்; விலங்குகள் நடத்தப்பட்ட கொடுமையையும் கண்ணாற் கண்டார். போர் முடிந்தபின் ஆம்ஸ்டர்டாமில் மாணவராயிருந்தபொழுது, தசைத்துண்டொன்று உடலுக்குப் புறம்பே வளர்க்கப்படுவதைக் கண்டு, மனிதன் பசியையும் விலங்கின் துன்பத்தையும் ஒருங்கே நீக்கும் வழி இதுவாகலாம் எனத் துணிந்தார். பல்லாண்டு முயன்று 1999-இல் இம்முறைக்குக் காப்புரிமையும் பெற்றார்.

அவர் துணிந்ததை உலகம் கண்ணாற் கண்டது 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாளன்று. நெதர்லாந்து நாட்டு மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்க் போஸ்ட் என்பார், மாட்டின் உயிரணுக்களினின்று வளர்த்த இறைச்சிவட்டு ஒன்றை லண்டன்மாநகரில் பலர் முன்னிலையிற் சமைப்பித்து உண்பித்தார். அவ்வொரு வட்டினை ஆக்குதற்கு ஏறத்தாழ 2,50,000 யூரோ செலவாயிற்று. கூகிள் நிறுவனத்தை அமைத்தோருள் ஒருவரான செர்கே பிரின் அப்பொருளை உதவினார். உண்டு பார்த்தோர், கொழுப்பின்மையாற் சுவை குன்றினும் இஃது ஊனே என்றனர்.

2020-ஆம் ஆண்டு இறுதியில் சிங்கப்பூர் அரசு, இவ்வாறு வளர்த்த கோழியிறைச்சியை விற்பதற்கு இசைவளித்தது. அங்ஙனம் இசைவளித்த முதல் நாடு அதுவேயாம். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இரு நிறுவனங்களுக்கு இசைவு தந்தன. மற்றொருபால் எதிர்ப்பும் எழுந்தது. இத்தாலி நாடு 2023-ஆம் ஆண்டு நவம்பரில் இவ்விறைச்சியைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவிலேயே புளோரிடா, அலபாமா என்னும் இரு மாநிலங்கள் 2024-இல் அதனைத் தடுத்தன. ஒரு கவள உணவின்பொருட்டு நாடுகள் சட்டம் இயற்றி நிற்குமாயின், அக்கவளத்தில் உணவினும் மிக்கதொன்று அடங்கியுள்ளதென்பது வெளிப்படை.

ஊன் வளர்க்கும் முறை

இம்முறையினைச் சுருங்கக் கூறின் வருமாறு: விலங்கின் தசையில், காயமுற்ற இடத்தைப் புதுப்பிக்கும் ஆற்றலுடைய உயிரணுக்கள் சில உள. உயிருள்ள விலங்கினிடமிருந்து ஊசிபோன்ற கருவியால் மிகச்சிறு தசைத்துண்டை எடுத்து, அவ்வணுக்களைப் பிரித்தெடுப்பர். சருக்கரை, உப்புக்கள், அமினோ அமிலங்கள், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் முதலியன கலந்த நீரில் அவற்றை இடுவர். விலங்கின் உடல்வெம்மையை ஒத்த வெம்மையில், தூய எஃகுக் கலங்களில், ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய் அவை பெருகும். போதிய அளவு பெருகியபின், அவை ஒட்டி வளர்தற்கு உண்ணத்தகும் சட்டகமொன்றை அமைத்துத் தசைநாராகத் திரளச் செய்வர். கலத்தில் வளரும் இத்தசைக்கு மூளை இல்லை, நரம்புமண்டலம் இல்லை. ஆதலின் அது நோவு அறியாது, அச்சம் அறியாது.

ஈண்டு மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. உயிரணுக்களை வளர்ப்பதற்கு ஆராய்ச்சிச்சாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த பொருள், கருவுற்ற பசுவைக் கொன்றவிடத்து அதன் வயிற்றுக் கன்றின் குருதியினின்று வடித்தெடுக்கும் நீராகும். 2013-இல் ஆக்கிய இறைச்சிவட்டும் அந்நீரின் துணைகொண்டே விளைந்தது. கொலையை ஒழிக்க எழுந்த கலை, கன்றின் குருதியை உண்டு வளர்ந்ததென்பது நகைப்பிற்கும் இரக்கத்திற்கும் ஒருங்கே இடமாவதன்றோ? இக்குறையை அறிஞர் உணர்ந்து, அந்நீர் வேண்டாத ஊட்டங்களைக் கண்டனர். அத்தகைய ஊட்டத்தில் வளர்த்த இறைச்சிக்குச் சிங்கப்பூர் அரசு 2023-இல் இசைவளித்தது. எனவே, கொலை நீங்கிய ஊன் என்பது இன்று வெறும் பேச்சன்று. ஆயினும் அப்பெயரை ஒவ்வொரு நிறுவனமும் செயலாற் பெறவேண்டுமேயன்றி, விளம்பரத்தாற் பெறுதல் தகாது.

உண்பதும் எண்ணுவதும்

நாம் உண்பது நாம் எண்ணுவதை மாற்றுமா? மாற்றும் என்பதற்கு என் இல்லத்திற் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன்.

எங்கள் இல்லத்தில் கிறிஸ்துமஸ் திருநாளுக்கு மூன்று திங்கள் முன்னரே சந்தையிற் கிடாய்க்குட்டி ஒன்றை வாங்கி வளர்ப்பது வழக்கம். ஓராண்டு என் தங்கை, அந்நாளில் ஆறு வயதினள், அக்குட்டிக்கு முத்து எனப் பெயரிட்டாள். அகத்திக்கீரையும் வேப்பங்குழையும் நாள்தோறும் ஒடித்துத் தருவாள். அதுவும் அவள் குரல் கேட்டால் வேலியருகில் ஓடிவந்து நிற்கும். இதனைக் கண்ட எம் ஆச்சி, குட்டிக்குப் பெயரிட்டு அழைத்தலாகாது என்று அவளைக் கடிந்துகொண்டார். ஆச்சி கொடிய உள்ளத்தவரல்லர். ஆடு சுகமின்றிப் படுத்தால் இரவெல்லாம் விழித்து மருந்தரைத்துக் கொடுப்பவர். பெயரிட்ட ஒன்றை உண்ண இயலாது என்பதை நெடுநாட் பழக்கத்தால் அறிந்தவராதலின் அவ்வாறு கூறினார். அவ்வாண்டுத் திருநாளன்று என் தங்கை உண்ணாது எழுந்தாள். யானோ உண்டேன். உண்ணும்பொழுது, ஆட்டிற்கு அறிவேது, அதற்குத் துயரந்தான் ஏது என்று எனக்குள்ளே பலமுறை கூறிக்கொண்டேன். அதற்கு முன்னாள் வரையில் எனக்கு அவ்வெண்ணம் இருந்ததில்லை.

என் உள்ளத்தில் நிகழ்ந்தது எனக்கே உரியதன்று என்பதைப் பின்னர் நூல்வழி அறிந்தேன். லௌனன், ஹாஸ்லம், பாஸ்டியன் என்னும் உளநூலார் மூவர் 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அவர்கள் சிலருக்கு உலர்ந்த மாட்டிறைச்சியையும் சிலருக்குப் பருப்புக்கொட்டைகளையும் உண்ணத் தந்து, அதன்பின் விலங்குகளைப்பற்றி வினவினர். இறைச்சியை உண்டோர், பரிவு காட்டத்தக்கன என ஏற்ற விலங்குகள் குறைவாயிருந்தன. பசுவிற்கு அவர்கள் அளித்த மதிப்பும் குறைந்திருந்தது. உண்டது சிறிதளவே, எனினும் அச்சிறிதளவு எண்ணத்தைத் திருத்தப் போதியதாயிற்று. விலங்கைத் தாழ்வாக எண்ணுதலால் அதனை உண்கின்றோம் என்று நாம் கருதுகின்றோம். உண்ணுதலால் அதனைத் தாழ்வாக எண்ணுகின்றோம் என்பதும் உண்மையென இவ்வாராய்ச்சி காட்டுகின்றது.

மொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், தொழுவில் நிற்கும் விலங்கிற்குப் பழைய ஆங்கிலப்பெயரும், உண்கலத்தில் வரும் அதன் ஊனுக்குப் பிரெஞ்சுமொழிவழி வந்த பெயரும் நிலைத்தன. தொழுவில் கௌ; கலத்தில் பீஃப். பட்டியில் பிக், கலத்தில் போர்க். தமிழிலும், பழங்காலத்தில் மிளகைக் குறித்த கறி என்னும் சொல், பின் மிளகு முதலியன இட்டுச் சமைத்த உணவைக் குறித்து, இன்று பேச்சுவழக்கில் ஊனையே குறிக்கின்றது. வந்த வழி வேறாயினும் விளைந்த பயன் ஒன்றே. சொல்லைக் கேட்டோர் நினைவில் உயிர் தோன்றுவதில்லை. இதற்கு மாறாக, தொல்காப்பியர் மரபியலின் தொடக்கத்திலேயே உயிர்களின் இளமைப்பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்து வைத்தார். கன்று, குட்டி, மறி, குருளை என வேறுபடுத்தி அழைத்த மக்கள் அவ்வுயிர்களை அணுகிநின்று நோக்கினவர் என்பதில் ஐயமில்லை.

இனி, இன்றைய நிலைமை யாது? உலகில் ஆண்டுதோறும் உணவின்பொருட்டுக் கொல்லப்படும் நிலவாழ் விலங்குகளும் பறவைகளும் 8,000 கோடியளவினவென ஐக்கிய நாடுகளின் உணவு உழவு அமைப்புத் தொகுத்த கணக்குகள் காட்டுகின்றன. அவற்றுட் பெரும்பாலன கோழிகளே. இறைச்சிக்கென வளர்க்கும் கோழி ஏறத்தாழ ஆறு வாரத்திற்குள் கொல்லப்படுகின்றது. இயல்பாக விடின் அது பல்லாண்டு வாழவல்லது. எம் ஆச்சி வளர்த்த குட்டிக்குப் பெயரிட ஒரு சிறுமியேனும் இருந்தாள். ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் அடைபட்ட பறவைக்குப் பெயரிடுவார் யார்?

ஆகவே, கொலையின்றி ஊன் கிடைக்குமாயின், நம்மை நாமே தேற்றிக்கொள்வதற்குக் கூறும் பொய்க்கு வேலையில்லாது போகும். விலங்கிற்கு அறிவும் நோவும் இல்லையெனச் சாதிக்கவேண்டிய தேவை நீங்கின், அவை உண்டென்பதை ஒப்புக்கொள்ளுதல் எளிதாகும். இஃதே இக்கலையினால் நாம் எதிர்பார்க்கத்தகும் பெரும்பயன்.

வரலாறு கூறும் சான்றுகள்

எதிர்பார்ப்பது வேறு, நிகழ்வது வேறு. முற்காலத்திலும் விலங்கின் தேவையை ஒழித்த புதுமைகள் சில தோன்றியுள்ளன. அவற்றால் மக்கள் மனம் மாறியதா எனக் காண்போம்.

முதலாவது குதிரை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1915-ஆம் ஆண்டையொட்டிக் குதிரையும் கோவேறுகழுதையுமாக ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் இருந்தன. தானியங்கி வண்டியும் உழவு எந்திரமும் வந்தபின் 1960-இல் அவை 30 இலட்சமளவினவாகச் சுருங்கின. சாட்டையடி பட்டுச் சுமையிழுத்து வீதியில் வீழ்ந்து மடியும் குதிரைகள் மறைந்தன. எஞ்சியவை பெரிதும் அன்பாகவும் சிறப்பாகவும் பேணப்பட்டன. துன்பம் குறைந்தது, அத்துடன் குதிரையும் குறைந்தது. நாள்தோறும் குதிரையோடு பழகிய வண்டிக்காரன் பெற்றிருந்த அறிவும் அவனோடு மறைந்தது.

இரண்டாவது திமிங்கிலம். விளக்கெரிக்கும் எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்ட இவ்வுயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் மண்ணெண்ணெய் தோன்றியபின் பிழைத்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. வேகமிக்க நீராவிக் கலங்களும் வெடிகுண்டு பொருத்திய ஈட்டிகளும் வந்தன. திமிங்கில எண்ணெயைக் கட்டியாக்கிச் செயற்கை வெண்ணெய் செய்யும் முறையும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. மாற்றுப்பொருள் அவற்றைக் காக்கவில்லை. 1970-இல் ரோஜர் பெயின் என்னும் அறிஞர் திமிங்கிலங்களின் இசையொலியைப் பதிவுசெய்து வெளியிட்டார். அதனைக் கேட்டோர், எண்ணெய்ப்பீப்பாய் என எண்ணியிருந்த ஒன்று பாடுகின்றதே என வியந்தனர். அவ்வியப்பும், அறிஞர் எச்சரிக்கையும், பொதுமக்கள் கிளர்ச்சியும் கூடியே, வணிகவேட்டையை நிறுத்திவைக்கும் முடிவினை 1982-இல் அனைத்துநாட்டுத் திமிங்கிலவேட்டை ஆணையம் செய்தது. 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது இன்சுலின். நீரிழிவு நோயினர்க்கு உயிர்மருந்தாகிய இது 1921-இல் கண்டறியப்பட்டது. அறுபதாண்டளவும் கொல்லப்பட்ட மாடு, பன்றி இவற்றின் கணையத்தினின்றே இதனை எடுத்துவந்தனர். நுண்ணுயிரைக்கொண்டு இன்சுலின் ஆக்கும் முறை தோன்ற, 1982-இல் அம்மருந்து அமெரிக்காவில் இசைவு பெற்றது. மாட்டின் கணையம் இனி வேண்டாவாயிற்று. ஆயினும் அதனால் மாட்டினை யாரேனும் புதுக்கண் கொண்டு நோக்கினரா? மருந்துப்புட்டியில் விலங்கு இருந்ததையும் பெரும்பாலோர் அறியார். அது நீங்கியதையும் அறியார்.

இம்மூன்றனையும் ஒருங்குவைத்து நோக்கின் ஒன்று புலனாகின்றது. மாற்றுப்பொருள் கொலையைக் குறைக்கலாம். திமிங்கிலத்தின் வரலாற்றிற்போலக் குறையாமலும் விடலாம். உள்ளத்தை மாற்றியது எதுவெனின், அவ்வுயிரை அறிந்ததே. இன்சுலின் வகையில் அறிதல் நிகழவில்லை. ஆதலின் மாற்றமும் நிகழவில்லை.

மறுப்புரைகள்

இக்கலையை மறுப்போர் கூறுவனவற்றையும் நடுநின்று கேட்டல் நம் கடமையாம்.

கால்நடை வளர்ப்போர் பிழைப்பு யாதாகும் என்பது முதல் மறுப்பு. இத்தாலி முதலிய இடங்களிற் சட்டத்திற்குக் காரணமாய் நின்றது பெரும்பாலும் இதுவே. உழவரையும் தொன்றுதொட்ட உணவுமரபையும் காத்தல் வேண்டுமென்றனர். இது தள்ளத்தக்கதன்று. இரண்டு ஆடுகளையும் நான்கு கோழிகளையும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஏழைப்பெண், எஃகுக் கலங்களுக்குரிய பெருமுதலுக்கு எங்கே போவாள்? விலங்கிற்கு இரங்குவோர் அவளுக்கு இரங்காராயின் அவ்விரக்கம் அரைகுறையானதே. அவளுக்கு வேறு வழி காட்டாமல் அவள் ஆட்டைப் பயனற்றதாக்குவது அறமாகாது.

உண்ணப்படாவிடின் அவ்விலங்கினங்களை வளர்ப்பார் யார், அவை அழிந்துபடுமே என்பது இரண்டாம் மறுப்பு. குதிரையின் வரலாறு இதற்கு ஓரளவு இடந்தருகின்றது. கோடிக்கணக்கில் அடைபட்டு ஆறு வாரம் வாழ்தலினும், ஆயிரக்கணக்கில் வெயிலும் நிழலும் கண்டு வாழ்தல் நன்று என்று நாம் விடை கூறலாம். எனினும் பட்டிகளும் தொழுவங்களும் ஒழிந்து, பாடப்புத்தகப் படத்திலன்றி ஆட்டைக் காணாத குழந்தைகள் பிறப்பாராயின், அவர்கள் ஆட்டிற்குத் தீங்கு செய்யார் என்பது மெய். ஆட்டை நேசிப்பார் என்பது மெய்யாகுமா? தீங்கு செய்யாமை வேறு, அன்பு வேறு.

மூன்றாம் மறுப்பு ஊன்மறுத்தோரிடமிருந்து எழுகின்றது. கொலை நீங்கினும் ஊன்வேட்கை நீங்கவில்லையே. விலங்கின் உடல் மனிதனுக்கு உணவே என்னும் எண்ணம் அங்ஙனமே நிற்கின்றதே என்பர். இவ்வழக்கு தமிழர்க்குப் புதியதன்று. பிறர் கொன்ற ஊனைத் தின்பதிற் குற்றமில்லையெனக் கொண்ட பௌத்தரை, நீலகேசி என்னும் சமணநூல் வன்மையாக மறுத்து வாதிடுகின்றது. திருவள்ளுவரும் புலான்மறுத்தல், கொல்லாமை என இரண்டனையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். உண்போரின் விருப்பமே கொல்வோரின் தொழிலுக்கு வேர் என்பது அவர்தம் கருத்து. கலத்தில் விளையும் ஊனில், வாங்குவோர்க்கும் கொலைக்கும் இடையே இருந்த அத்தொடர்பு அறுபடுகின்றது. இந்நிலையை நீலகேசி ஆசிரியர் கண்டிருப்பின் என் கூறியிருப்பார் என்பது சுவைமிக்க ஆராய்ச்சி. கொலை இல்லாதவிடத்துக் கொலைக்குற்றம் சாற்றியிரார் என்றே எண்ணுகின்றேன். ஆயினும், நாவின் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளுதலையே அருள் என்று கூறவேண்டாவென எச்சரித்திருப்பார்.

திருமறை காட்டும் நெறி

கிறிஸ்தவராகிய நமக்கு இவ்வினா புறம்பானதன்று. ஆதியாகமத்தை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். படைப்பின் தொடக்கத்தில் மனிதனுக்கு உணவாகக் குறிக்கப்பட்டவை விதைதரும் பூண்டுகளும் கனிதரும் மரங்களுமே. ஊனுண்ண இசைவு பெற்றது பெருவெள்ளத்திற்குப்பின், நோவாவின் காலத்தில். அப்பொழுதும் குருதியோடு உண்ணலாகாது என்னும் வரையறை உடன் வந்தது. உயிர் இறைவனுக்கே உரியது என்பதை உண்போன் மறவாதிருத்தற்கு அவ்வரையறை ஏற்பட்டது. அதற்கெல்லாம் முன்னரே, ஏதேன் தோட்டத்தில், விலங்குகளைப் பொறுத்து ஆதாம் செய்த முதற்செயல் அவற்றிற்குப் பெயரிட்டதே. என் தங்கை வேலியோரத்திற் செய்ததும் அதுவே என்பதை நினைக்குந்தோறும், அன்று அவளைப் பார்த்து நகைத்ததற்கு நாணுகின்றேன்.

நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் பேணுவான் என்னும் கருத்து நீதிமொழிகளில் உண்டு. நினிவே நகர் அழியாதபடி இறைவன் இரங்கியபொழுது, அந்நகரின் குழந்தைகளோடு கால்நடைகளையும் எண்ணிப்பார்த்ததாக யோனாவின் நூல் முடிகின்றது. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒருங்கு தங்கும் நாளை ஏசாயா கண்டார். இவற்றைக்கொண்டு ஊனுண்ணல் பாவம் என்று யான் கூறவரவில்லை. நம் ஆண்டவரும் மீன் உண்டவரே. உண்ணும் உரிமை அருளுக்கு விலக்களிக்கவில்லை என்பதே யான் கூறுவது.

இதற்குச் செயல்வடிவான சான்றும் உண்டு. கால்நடைகளைக் கொடுமையாக நடத்துதலைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் ரிச்சர்ட் மார்ட்டின் என்பார் முயற்சியால் 1822-இல் நிறைவேறியது. ஈராண்டு கழித்து, 1824-இல், ஆர்தர் புரூம் என்னும் குருவானவர் லண்டனில் ஒரு காப்பிக்கடையிற் சிலரைக் கூட்டி, விலங்குகள் வதைப்புத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அடிமைவாணிகத்தை ஒழித்த வில்லியம் வில்பர்போர்ஸ் அக்கூட்டத்திற் பங்குகொண்டோருள் ஒருவர். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கும் சென்றார். அவர்களுக்கு மாற்று ஊன் இல்லை. எஃகுக் கலம் இல்லை. அவர்களுட் பலர் மாட்டிறைச்சி உண்டவரே. ஆயினும் சந்தைக்கு ஓட்டிச்செல்லப்படும் மாட்டின் முதுகில் விழுந்த அடி அவர்கள் உள்ளத்தில் விழுந்தது. அறிவியல் கைகொடுக்கும்வரை அவர்கள் அன்பு காத்திருக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், கொல்லாது விளையும் ஊன் நமக்கு ஒன்றைத் தரவல்லது, மற்றொன்றைத் தரமாட்டாது என்பது பெறப்படும். விலங்கின் நோவை மறுத்தற்கு நாம் கொண்டிருந்த காரணத்தை அது நீக்கவல்லது. அந்நோவை உணரும் உள்ளத்தை அது தரமாட்டாது. காரணம் நீங்கியபின்னும் உள்ளம் எழாதிருப்பின், ஆட்டையும் மாட்டையும் உயிரணு எடுக்கும் பண்டசாலைகளாகவே நோக்குவோம்; அன்றேல் முற்றும் மறப்போம். உள்ளம் எழுமாயின், நம் முன்னோர் வறுமையாலும் வழக்கத்தாலும் செய்யமுடியாது போனதை நாம் செய்யலாம்.

யானும் ஊனுண்பவனே, அதனை மறைத்து அறம் உரைப்பின் இக்கட்டுரை போலியாகும். கலத்தில் விளையும் ஊன் நம் ஊர்ச் சந்தைக்கு வரும் நாள் எதுவோ அறியேன். அந்நாள் வரையில் செய்யத்தக்கன சில நம் கைக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. நாம் உண்ணும் உயிர் எங்கு, எங்ஙனம் வளர்ந்தது என வினவலாம். கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழிகளைக் கொண்டுசெல்வாரிடம் இன்சொற் கூறலாம். நம் விடுதி உணவிலே ஊன் இல்லாத நாட்களை முணுமுணுப்பின்றி ஏற்கலாம். உண்ணும்பொழுது, இதற்கு உயிரில்லை, உணர்வில்லை என நமக்குள் பொய்கூறாது, உயிரொன்று நமக்காகப் போயிற்றென நன்றியோடு நினைக்கலாம்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு இல்லம் சென்றிருந்தபொழுது, வேலியருகில் புதிய குட்டியொன்று கட்டியிருக்கக் கண்டேன். அதன் பெயர் யாதென ஆச்சியை வினவினேன். அவர் என்னைச் சிறிதுபொழுது நோக்கியிருந்து, உன் தங்கையைக் கேள் என்றார். பெயரிடுதலை அவர் அம்முறை தடுக்கவில்லை. அக்குட்டி இன்றும் எங்கள் இல்லத்தில் வளர்ந்து வருகின்றது.